ஏழு விநாடிக்குள் இறங்க வேண்டும்

வாண்டு என்று யாராவது கூப்பிட்டால் ஆறடி உயரத்தில் ஒருவன் திரும்பிப் பார்ப்பான். புதிதாகக் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அது எட்டு வயதில் வைத்த பெயர். அப்போது அவன் உண்மையிலேயே வாண்டுதான். கார்ட் என்கிற குட்டி வண்டிப் பந்தயத்தில் வண்டியும் ஓட்டுகிறவனும் சேர்ந்து இத்தனை கிலோ இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அந்த எடைக்கு இவன் எட்டவே மாட்டான். சீட்டின் முதுகில் ஈயத் தகடுகளை போல்ட் போட்டு முடுக்கித்தான் களத்தில் இறக்குவார்கள். "ஓட்டப் போறது பையனா, ஈயமா?" என்று மற்ற அப்பாக்கள் கேலி செய்தார்கள். இரண்டு பந்தயம் முடிந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவனுடைய அப்பா வெல்டர். கேட்டு, ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்கிறவர். மகனுடைய முதல் கார்ட் வண்டியின் சட்டத்தை அவரே குழாய் வளைத்துப் பற்றவைத்தார். அந்த வண்டியைப் பார்த்தால் யாருக்கும் படிக்கட்டுக் கைப்பிடி ஞாபகம்தான் வரும். ஆனால் ஓடியது, நன்றாகவே ஓடியது. அப்பாவின் கழுத்தில் ஷூக் கயிறு கட்டிய ஒரு ஸ்டாப்வாட்ச் எப்போதும் தொங்கும். களத்தில் மின்பலகை இருக்கிறது, அது ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பிசகாமல் சொல்கிறது. அவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "மெஷினுக்கு என்ன தெரியும்? நான் கண்ணால பாத்து அமுக்குறேன்" என்பார்.

கண்ணால் பார்த்தார் என்பது உண்மை. ஆனால் விரல் கண் சொன்னதைக் கேட்கவில்லை. மகன் கோட்டைத் தாண்டிப் போன பிறகுதான் கட்டைவிரல் அமுக்கத் தொடங்கும். சுற்றி வரும்போதோ, வண்டியின் சத்தம் காதில் விழுந்ததுமே அதற்குப் பொறுக்காது, கோட்டுக்கு முன்னாலேயே அமுக்கி நிறுத்திவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அரை விநாடி இப்படி மகனுக்கு இனாமாகக் கிடைத்தது. அவர் ஏமாற்றவில்லை. பெற்ற பாசம் விரல் நுனி வரைக்கும் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். கார்ட் காலத்தில் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை, ஏனென்றால் பையன் மின்பலகைப்படியே முதலாவதாக வந்துகொண்டிருந்தான்.

கார்ட் வண்டியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதில் பெல்ட் கிடையாது. தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஒரு சீட்டு, ஒரு ஸ்டியரிங், முதுகுப்பக்கம் ஒரு இன்ஜின், மற்றபடி நாலு பக்கமும் காற்று. விழுந்தால் வண்டி ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவான். வாண்டு அப்படி மூன்று தடவை பறந்திருக்கிறான், ஒரு தடவை கை எலும்பு விரிசல் விட்டது. அம்மா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்பாள். இவனோ மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து ஓடி வருவான். எட்டு வயதிலிருந்து பதினான்கு வரை அவனைவிடச் சந்தோஷமான மனிதன் எங்கேயும் இருந்திருக்க மாட்டான். எல்லோருக்கும் அப்படி ஒரு காலம் வாய்த்துவிடாது.

சந்தோஷமாக ஓட்டினால் ஜெயிப்பான், ஜெயித்தால் மேலே அனுப்புவார்கள். அங்கேதான் வந்தது வினை. கார்ட் பந்தயத்தில் யாரும் கிழவனாக முடியாது. கெட்டிக்காரப் பிள்ளை என்றால் பதினைந்து வயதில் ஒற்றை இருக்கைக் காரில் ஏற்றிவிட வேண்டும், அதில் முதல் படி, இரண்டாம் படி என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். அப்பா பட்டறையில் பாதியை விற்றார். தண்ணீர் மோட்டார் கம்பெனி ஒன்று, ஹெல்மெட்டில் தன் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லிக் கை கொடுத்தது. ஒரு பந்தயக் குழு சேர்த்துக்கொண்டது.

ஒற்றை இருக்கைக் காரில் உட்காருவது என்று சொல்வதே தப்பு. அதில் இறங்குவார்கள். காரின் நடுவில் ஒரு குழி. காலை நீட்டி, மல்லாந்தாற்போலப் படுத்து, தோளைக் குறுக்கிக்கொண்டு அதற்குள் புதைய வேண்டும். இரண்டு தோள், இரண்டு இடுப்பு, இரண்டு தொடை என்று ஆறு வார்களை வயிற்றுக்கு மேலே ஒரே பூட்டில் கோர்ப்பார்கள். பிறகு ஒருவர் வண்டிமேல் முழங்காலை ஊன்றித் தோள்வார்களை இழுத்து இறுக்குவார். மூச்சை வெளியே விட்டுக்கொண்டு இருக்கும்போது இறுக்குவதுதான் முறை.

முதல் நாள் இழுத்தவர் அப்பா. "எம் புள்ளைய நான்தான் கட்டுவேன்" என்று குழுவிடம் உரிமையோடு கேட்டு வாங்கியிருந்தார். வெல்டர் கை, இரும்பை வளைத்த கை. அவன் 'ஹக்' என்று முனகும் வரை இழுத்து, ஹெல்மெட்டை ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டில் அவருடைய ஏழு வருஷக் கனவும் இருந்தது.

வாண்டுக்கு மூச்சு நின்றுவிட்டது. இறுக்கத்தால் அல்ல, அதைவிட இறுக்கமான உடையெல்லாம் அவன் போட்டிருக்கிறான். கையை இப்படி அப்படி நகர்த்த முடியாது, முழங்காலை மடக்க முடியாது, நினைத்தாலும் எழுந்திருக்க முடியாது என்பது மண்டையில் ஏறிய அந்த நொடியில் நெஞ்சுக்குள் எதுவோ சாத்திக்கொண்டது. ஹெல்மெட்டுக்குள் கண்ணீர் வழிந்தது. கண்ணாடி இருட்டுக் கண்ணாடி, வெளியே தெரியவில்லை. வண்டி கிளம்பி ஓட ஆரம்பித்ததும் கொஞ்சம் தேவலை. நின்றால் மறுபடியும் வந்தது.

அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் எந்த வாயால் சொல்வது? மூன்று தடவை காற்றில் பறந்து விழுந்தவன், நூறு கிலோமீட்டர் வேகத்துக்குக் கண் சிமிட்டாதவன், பெல்ட்டைப் பார்த்துப் பயப்படுகிறான் என்றால் ஊர் சிரிக்காதா? அப்பா பட்டறையை விற்ற கையோடு போய் "எனக்கு அடைச்சு வச்சா பயமா இருக்கு" என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. பழகிவிடும் என்று நினைத்தான். நான்கு வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தான்.

பழகவில்லை, பரவியது. வருஷா வருஷம் புதுச் சீட்டு செய்வார்கள். ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் நுரைமருந்தை ஊற்றி, அதன்மேல் ஓட்டுநரைக் குழிக்குள் படுக்கவைப்பார்கள். நுரை சூடாகப் பொங்கி முதுகு, இடுப்பு, விலா என்று எல்லா இடத்திலும் ஏறி இறுகும். இருபது நிமிஷம் அசையக் கூடாது. அந்த இருபது நிமிஷமும் அவன் கார்ட் மைதானத்தின் ஒவ்வொரு வளைவாக மனசுக்குள் ஓட்டி முடிப்பான். வீட்டிலோ அவன் அறைக்கதவைச் சாத்துவதை விட்டுவிட்டான். எவ்வளவு குளிரானாலும் கழுத்துக்கு மேலே போர்வை வராது. லிஃப்ட் இருக்கும் கட்டிடத்தில் ஆறு மாடி ஏறுவான், கேட்டால் "காலுக்கு எக்சர்சைஸ்" என்பான். அம்மா அவனுக்கு உடம்பு சூடு என்று நினைத்துக்கொண்டாள். அப்பாவோ, "பாத்தியா, எம் புள்ள சும்மா இருக்கிற நேரத்துலகூட பயிற்சி பண்றான்" என்று எதிர்வீடு வரைக்கும் பெருமை அடித்தார்.

அப்பா தன் பங்குக்கு இன்னொன்று செய்தார். காரின் குழியை நாடா வைத்து அளந்து வந்து, பழைய இரும்பில் அச்சாக அதே மாதிரி ஒரு பெட்டி செய்து வீட்டு முற்றத்தில் நிறுத்தினார். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பயிற்சி. வார் கட்டுவார், விசில் ஊதுவார். ஸ்டியரிங்கைக் கழற்று, பூட்டைத் திருகு, தலையைச் சுற்றிய தடுப்பைத் தூக்கு, விளிம்பில் கை ஊன்று, எழு, இடது கால், வலது கால். விபத்து நடந்து தீப்பிடித்தால் ஓட்டுநர் தானே இறங்கி ஓட வேண்டும் அல்லவா, அதற்காகப் பந்தயம் தொடங்கும் முன் ஒரு சோதனை வைப்பார்கள். கீழ்ப் படியில் பத்து விநாடி. இந்த வருஷம் ஏறிய படியில் ஏழு. ஏழு விநாடிக்குள் இரண்டு காலும் தரையில் படாவிட்டால் பந்தயம் கிடையாது.

"ஆறே முக்கால்!" என்று அப்பா கத்துவார். "பிரமாதம்டா வாண்டு! தண்ணி குடிச்சுட்டு வா, இன்னொண்ணு போடலாம்."

பந்தயக்காரனுக்கு வளர்த்தி ஒரு சாபம். வாண்டு பதினாறு வயதில் வளரத் தொடங்கி, நிறுத்தவே மறந்துவிட்டான். ஒரு காலத்தில் ஈயம் சேர்த்த உடம்பிலிருந்து இப்போது கிராம் கிராமாகக் குறைத்தார்கள். காலையில் அப்பா தராசில் ஏற்றுவார், அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டில் பாதியை எடுத்துவிடுவாள். காருக்குள் முழங்கால் இரண்டும் இரும்பில் இடித்து, எப்போதும் அங்கே ஒரு நீலம் இருக்கும்.

சீசன் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது குழுவின் இன்ஜினியர் அவனைத் தனியாகக் கூப்பிட்டாள். முப்பது வயதுப் பெண், கறாரானவள், தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். கணினித் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினாள். ஒன்று அவன் கால் ஆக்சிலேட்டரை மிதித்த கோடு, மற்றது அதே குழுவின் இன்னொரு ஓட்டுநருடையது. மூன்றாவது வளைவில் ஒவ்வொரு சுற்றிலும் இவன் கோடு ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது.

"இங்க கால எடுக்குறே."

"தெரியும்க்கா."

"வேகத்துக்கா பயம்?"

"இல்லக்கா. அந்த வளைவுல உடம்பு பெல்ட்டுல போய் அழுந்தும். அப்ப... கால் தானா எழும்பிடுது."

அவள் திரையிலிருந்து அவன் பக்கம் திரும்பினாள். "உங்கப்பா வாட்ச்படி பாத்தா நீதான் சாம்பியன். நெஜத்துல நீ ரெண்டு மாசத்துக்குமுன்ன எங்க இருந்தியோ அங்கயே இருக்கே. அவர்கிட்ட யாராவது சொல்லணும். நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"நானே சொல்றேன்."

"எப்ப?"

அவன் முழங்காலைத் தடவினான். அவள் திரையை அணைத்துவிட்டு, "முழங்காலையும் பாத்துக்கோ. இறங்குற சோதனைல பாஸாயிட்டா அப்புறம் வருஷம் முழுக்க இதுக்குள்ளதான். ஒப்பந்தம் அப்படி" என்றாள்.

அவள் எச்சரிக்கையாகத்தான் சொன்னாள். அவன் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. சோதனையில் தோற்றுவிட்டால்? யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம். பயம் என்ற பேச்சே எழாது. விதி இடம் கொடுக்கவில்லை, உயரம் கெடுத்துவிட்டது, பாவம் பையன் என்று எல்லோரும் உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பத்து நாளும் அவன் அதையே அசைபோட்டான். வேண்டாம் என்றும் தோன்றியது. அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. சோதனை நாள் காலையில், ஒழுங்காகவே செய்துவிடுவோம், வருவது வரட்டும் என்று முடிவு செய்தான்.

சோதனை அதிகாரி ஓய்வு பெறும் வயதுக்காரர், சாந்தமானவர். அப்பா வார் கட்டினார். விசில். வாண்டு முற்றத்தில் செய்த மாதிரியே, வரிசை தப்பாமல், நிதானமாகச் செய்து இறங்கி நின்றான்.

"ஏழு புள்ளி எட்டு" என்றார் அதிகாரி.

"என்னது?" அப்பா தன் வாட்சைத் தூக்கிக் காட்டினார். "ஆறே முக்கால்! இங்க பாருங்க! ஒங்க வாட்ச்ல ஏதோ கோளாறு."

"விசில் அடிச்சப்புறம் அமுக்குறீங்க சார். நிறுத்துறப்ப, அவர் எழுந்ததுமே நிறுத்திடுறீங்க. ரெண்டு காலும் தரையில படணும்."

"பதினோரு வருஷமா நான் இதே வாட்சுலதான் பாக்குறேன்!"

"இருக்கலாம் சார். இன்னொரு வாய்ப்பு இருக்கு. தம்பி, உக்காருங்க."

சுற்றியிருந்த மெக்கானிக்குகள் தரையைப் பார்த்தார்கள். ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு டயரைத் துடைத்தான். அப்பாவின் காது சிவந்துவிட்டது. அவர் வாட்சையும் அதிகாரியையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றதை வாண்டு பார்த்தான். பாவமாக இருந்தது. ஆனால் அதற்கு அடியில், அவனுக்கே வெட்கமாக இருக்கும் அளவுக்கு, ஒரு நிம்மதியும் எழுந்தது. கதவு தானாகத் திறந்து கிடக்கிறது. அவசரப்படாமல் இன்னொரு முறை அதே ஏழு புள்ளி எட்டில் இறங்கினால் போதும், முடிந்தது. அவன் குழிக்குள் இறங்கினான்.

அப்பாவுக்கு அப்போது இருந்த கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியவில்லை. கையில் கிடைத்தது வார். முழங்காலை ஊன்றி இழுத்தார். இன்னும் ஒரு இழுப்பு. "காட்டுடா இவனுங்களுக்கு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதாக ஒன்று. இதற்குமுன் அவர் அவ்வளவு இறுக்கியதே இல்லை. அதிகாரி படிவத்தில் ஏதோ எழுத மறந்து பேனாவைத் தேடினார். ஒரு நிமிஷம் ஆயிற்று, இன்னொரு நிமிஷமும் ஆயிற்று. வெயில் ஹெல்மெட்டில் நேராக இறங்கியது. வாண்டு கார்ட் மைதானத்தை நினைத்துப் பார்த்தான், இரண்டாவது வளைவுக்கு மேல் வரவில்லை. விலாவை விரிக்க இடமில்லை. மூச்சு பாதி வழியில் நின்றது. கதவு, நிம்மதி, ஏழு புள்ளி எட்டு எல்லாம் மண்டையிலிருந்து போயே போய்விட்டன. வெளியே. வெளியே போக வேண்டும். அவ்வளவுதான் மிச்சம் இருந்தது.

விசில் அடித்தது.

ஸ்டியரிங் எங்கே போய் விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. முழங்கால் கிழிந்தது தெரியாது. தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்திருந்தவன் திமிறி எழுவதுபோல் அவன் காரிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து தரையில் நின்றான்.

அதிகாரி வாட்சை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார். "நாலு புள்ளி ஒன்பது. இந்த வருஷம் இவ்வளவு வேகமா யாரும் இறங்கலை தம்பி. பாஸ்."

மெக்கானிக்குகள் கை தட்டினார்கள். வாண்டு அப்படியே நின்றான். எந்தப் பயத்துக்காகத் தோற்க நினைத்தானோ அந்தப் பயமே அவனை ஜெயிக்கவைத்து, வருஷம் முழுக்க உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டது. அப்பா ஓடி வந்து கட்டிக்கொண்டார். "பாத்தீங்களாய்யா! எம் புள்ளைய பாத்தீங்களா!" என்று தோளுக்கு மேலே எல்லோரையும் பார்த்துக் கத்தினார். பிறகு கத்தலை நிறுத்தினார். கட்டிக்கொண்ட உடம்பு கிடுகிடுவென நடுங்கிக்கொண்டிருந்தது. அவரே ஹெல்மெட்டைக் கழற்றினார். முகத்தில் ரத்தமே இல்லை, கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தன.

"என்னடா? எங்க அடி?"

"அடி இல்லப்பா."

"பின்ன?"

இனிமேல் தனக்காகத் தோற்றுக்கொடுக்க விதியும் இல்லை, வாட்சும் இல்லை, முழங்காலும் இல்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. "எனக்கு அதுக்குள்ள இருக்க முடியலப்பா. கட்டிப் போட்டா மூச்சு வரல. செத்துடுவேன்னு தோணுது."

சொல்லி முடிக்க நாலு விநாடிகூட ஆகவில்லை.

அப்பா அவனை டயர் அடுக்கின் பின்பக்கம் அழைத்துப் போய் உட்காரவைத்தார். பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். "எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து."

"நாலு வருஷமாவா? அதான் ரூம் கதவச் சாத்த மாட்டியா?"

"ம்."

"நான் இழுத்துக் கட்டுறப்பல்லாமா?"

வாண்டு தலையைக் குனிந்துகொண்டான். அப்பா தன் இரண்டு கைகளையும் புரட்டிப் பார்த்தார். கழுத்தில் வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது, இந்த முறை அவர் அதை நிறுத்தவே மறந்திருந்தார். "சொல்லியிருக்கலாமேடா."

"நீங்க கேக்கலியேப்பா."

"என் வெரல்தான் பொய் சொல்லிச்சா இத்தன வருஷமும்? அப்ப கார்ட்லயும்...?"

"இல்லப்பா. கார்ட்ல நான் நெஜமாவே வேகம்தான். போர்டுலயே பாத்தேன்."

 அப்பா அழுதார். பெரிய சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு வெல்டர் எப்படி அழுவாரோ அப்படி. பிறகு "வீட்டுக்குப் போனதும் அந்தப் பெட்டிய அறுத்துடுறேன். மொத வேலை அதுதான்" என்றார்.

அப்போது குழுவின் மேலாளர் எட்டிப் பார்த்தார். "இங்க என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? பத்து நிமிஷத்துல பயிற்சிச் சுற்று. மோட்டார் கம்பெனிக்காரங்க குடும்பத்தோட வந்து உக்காந்திருக்காங்க. வாங்க, வாங்க!" என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

அப்பா மகனைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல அவர் வாயைத் திறந்ததை வாண்டு பார்த்தான். ஒப்பந்தத்தில் தன் கையெழுத்தும் இருப்பது ஞாபகம் வந்து அந்த வாய் மூடிக்கொண்டதையும் பார்த்தான். அவன் முழங்கால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "இந்த வாரம் ஓட்டிடுறேன்பா. திங்கக்கிழமை நீங்க மேனேஜர்கிட்ட பேசுங்க."

"பேசுறேன்டா. பேசுறேன்."

திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. வாண்டு காருக்குள் இறங்கினான். முழங்கால் இரும்பில் இடித்தது. அப்பா முழங்காலை ஊன்றித் தோள்வார்களைக் கையில் எடுத்தார், எடுத்தவர் அப்படியே நின்றார். நாலு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்காததை அன்றைக்குக் கேட்டார்.

"எவ்வளவுடா இறுக்கணும்?"

"எப்பவும் போலத்தான்பா."

"கொஞ்சம் தளர்த்தி விடவா?"

"தளர்ந்திருந்தா, இடிச்சா கழுத்து போயிடும்பா. இழுங்க."

அது அவருக்கும் தெரியும். வாண்டு இருட்டுக் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு மூச்சை வெளியே விட்டான். அப்பா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இழுத்தார்.